புரட்டாசியில் ஜோகூர் பாரு: மாதம் சரி, கிழமையை மாற்றுங்கள்

கேட்டிருப்பது இதுதான்: திருச்சியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்தில் சிங்கப்பூர் வருகிறீர்கள். கணவன், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, புரட்டாசி முழுக்கச் சைவம். சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எல்லைக்கு அந்தப்பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாருவில் தங்க உத்தேசம். அது மழைக்காலமா, கூட்டம் இருக்குமா, மூன்று நாள் போதுமா?

மாதம் நல்ல மாதம். கிழமைதான் தப்பு. திங்கள், செவ்வாய், புதன் என்று மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நான் பல வருடங்களாகச் சிங்கப்பூரின் எல்லையோர உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். காய்கறி வாங்கவும் முடி வெட்டவும்கூட அக்கரைக்குப் போய்வரும் ஆள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மழை. ஜோகூர் பாரு பூமத்தியரேகைக்கு மேலே ஒன்றரை டிகிரியில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24. கோடை, குளிர் என்றெல்லாம் கிடையாது. நம்மூருக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் பெரிய மழையைக் கொண்டுவருகிறது. ஆனால் அதன் முழு வேகம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. டிசம்பரில் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும். அக்டோபர் அதற்கு முந்தைய இடைக்காலம். காலை முழுக்க வெயில் அடிக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுக்கும், ஒரு மணி நேரம் இடியோடு அடித்து ஊற்றிவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் தெரு காய்ந்துவிடும். ஆகவே வெளியில் சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் சாப்பாடு, கடை, தூக்கம். மழைக்கோட்டு வேண்டாம், புழுங்கிச் செத்துவிடுவீர்கள். ஆளுக்கொரு மடக்குக் குடை போதும்.

மழையைவிட நான் அஞ்சுவது புகைமூட்டத்தைத்தான். சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரியும் வருடங்களில் தென்மேற்குக் காற்று அந்தப் புகையை இங்கே தள்ளிவிடும். 2015 செப்டம்பர், அக்டோபரில் எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்கு இருந்தது, பள்ளிகளை மூடினார்கள். 2019 செப்டம்பரிலும் மோசம். பல வருடங்களில் ஒன்றுமே இருக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் காற்றுத்தரக் குறியீட்டைப் பாருங்கள். 100க்குள் இருந்தால் கவலை இல்லை. ஹோட்டலை மட்டும் ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளும் வயதானவரும் வருகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி கூட்டம். சுற்றுலாத் தளங்களில் 'உச்ச சீசன், இடைக்கால சீசன்' என்று வானிலையை வைத்துப் பட்டியல் போடுவார்கள். ஜோகூர் பாருவுக்கு அது பொருந்தாது. இங்கே சீசன் என்றால் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான். 1924இல் திறந்த பாலம், நீளம் 1,056 மீட்டர். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய்கள் ஓடும். இதன் வழியாக நாளொன்றுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் போய்வருகிறார்கள். உலகத்திலேயே மிக நெரிசலான தரைவழி எல்லைகளில் ஒன்று. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மலேசியப் பணம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, அப்புறம் யார்தான் போகாமல் இருப்பார்கள்? ஆகவே உங்கள் பயணத்துக்குப் பார்க்க வேண்டியது சிங்கப்பூர்ப் பள்ளி நாள்காட்டி. மார்ச் நடுவில் ஒரு வாரம், ஜூன் மாதம் கிட்டத்தட்ட முழுக்க, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் கடைசியிலிருந்து ஆண்டு முடியும் வரை விடுமுறை. அந்த நாள்களிலும், நீண்ட வாரயிறுதிகளிலும், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயத்திலும் பாலம் உறைந்து நிற்கும்.

அக்டோபர் முதல் பாதி பெரும்பாலும் இதில் எதிலும் சேராது. அதோடு இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதைத் தொட்டு மற்ற வகுப்புகளுக்கும் ஆண்டிறுதித் தேர்வு. என் பக்கத்து வீட்டில் அந்த இரண்டு வாரம் தொலைக்காட்சிகூட ஓடாது, ஜோகூர் எங்கே போவது? நீங்கள் கண்டுபிடித்த இடைக்காலம் நிஜமாகவே இடைக்காலம்தான்.

இருந்தாலும் வெள்ளி மாலை என்பது எந்த மாதத்திலும் வெள்ளி மாலைதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியர்கள் வீடு திரும்புவார்கள், சிங்கப்பூரர்கள் வாரயிறுதிக்குக் கிளம்புவார்கள். இரண்டும் ஒரே திசை. ஜோகூரில் பத்து வருடமாக வெள்ளி, சனிதான் விடுமுறையாக இருந்தது, 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் இப்போது இரு பக்கத்துக்கும் ஒரே நாளில் விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நுழைந்தவன், அக்கரையில் கால் வைக்கும்போது ஒன்பதரை. நின்றுகொண்டேதான். முழங்கால் வலிக்காரரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

வார நாள்களில் இந்தக் கூட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு. விடியற்காலை நாலு மணியிலிருந்து எட்டு வரை ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள், மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை அதே கூட்டம் திரும்பும். நடுவில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பாலம் மூச்சு விடும். திங்கள் காலை பத்தரைக்குக் கடந்து போய், புதன் மதியம் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடுங்கள். இந்த நேரத்தில் இரண்டு சாவடிகளையும் சேர்த்து முக்கால் மணியில் நான் கடந்ததுண்டு.

எதில் கடப்பது? உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ரயில். மலேசிய ரயில்வே நிறுவனமான கேடிஎம்மின் ஷட்டில் தெப்ராவ், 2015இலிருந்து ஓடுகிறது. உட்லண்ட்ஸ் ரயில் சாவடியிலிருந்து ஜோகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலுக்கு ஐந்தே நிமிடம். சிங்கப்பூரிலிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து திரும்ப 5 ரிங்கிட். இதன் பெரிய வசதி, போகும்போது சிங்கப்பூர் குடிநுழைவும் மலேசியக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே அடுத்தடுத்து முடிந்துவிடும். அக்கரையில் இறங்கினால் நேராக வெளியே போகலாம். ஒரு ரயிலில் 320 பேர்தான், ஆகவே வரிசையும் சின்னது. டிக்கெட்டை கேடிஎம் செயலியில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். வாரயிறுதி டிக்கெட்டுகள் சீக்கிரமே தீர்ந்துவிடும், வார நாள் நண்பகலுக்குக் கிடைக்கும். அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள், கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். ஒன்று கவனம்: அந்த ரயில் சாவடி உட்லண்ட்ஸ் எம்ஆர்டி (சிங்கப்பூர் மெட்ரோ) நிலையத்தை ஒட்டி இல்லை. எம்ஆர்டியில் இறங்கி டாக்சி பிடியுங்கள். பக்கத்திலேயே எல்லை கடக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் பாதை கட்டியிருக்கிறார்கள், உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகர் வரை 4 கிலோமீட்டர். அது ஓடத் தொடங்கிவிட்டால் ஷட்டிலை நிறுத்திவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேருந்து மலிவு. குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து 170, உட்லண்ட்ஸிலிருந்து 950, கிராஞ்சியிலிருந்து மஞ்சள் நிற சிடபிள்யூ1. ஆனால் சிங்கப்பூர்ச் சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்கி, மேலே ஏறி, முத்திரை வாங்கி, கீழே இறங்கி, அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் ஏறி, அக்கரையில் மறுபடி இறங்க வேண்டும். இறங்கிய பேருந்து உங்களுக்காக நிற்காது. நான் முதல் தடவை போனபோது, 'திரும்ப இதிலேதானே ஏறப்போகிறோம்' என்று துணிப்பையை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். கீழே வந்து பார்த்தால் வேறு பேருந்து, வேறு ஓட்டுநர். என் பை என்னைவிட முன்னால் மலேசியா போய்விட்டது. திரும்பக் கிடைக்கவில்லை, உள்ளே இரண்டு சட்டையும் ஒரு டப்பா எலுமிச்சை ஊறுகாயும்தான், போகட்டும்.

காரில் போனால் இறங்காமலே கடக்கலாம், அம்மாவுக்குச் சுகம், செலவு பல மடங்கு. எல்லை கடக்க உரிமம் உள்ள டாக்சியாக இருக்க வேண்டும். செய்திக் குழுக்களில் 'ஏழு இருக்கை வண்டி, கதவுக்குக் கதவு' என்று கூவுகிறவர்களில் பலருக்கு உரிமம் கிடையாது, சிங்கப்பூர் அதிகாரிகள் பிடித்து வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள். நடுவழியில் நிற்கப்போவது நீங்கள்தான்.

காகிதம். மலேசியா இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது, 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்றாலும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும், போவதற்கு மூன்று நாளுக்குள். சிங்கப்பூருக்கும் அதேபோல் எஸ்ஜி வருகை அட்டை. இரண்டும் அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி அல்லது தரகு. பலர் சறுக்குவது இங்கேதான்: சிங்கப்பூருக்கு நீங்கள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஆகவே எஸ்ஜி அட்டை இரண்டு முறை, ஐந்து பேருக்கும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நுழைவு என்று இருந்தால் அக்கரையிலிருந்து திரும்ப வழி இல்லை, திருச்சி விமானம் சாங்கி விமான நிலையத்தில் நிற்கும்.

தங்க வேண்டிய இடம், ஜேபி சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம். சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்கு நிலையத்திலிருந்தே மேம்பாலம் இருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் வார நாள் வாடகை குறைவு. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அதை ஹோட்டலில் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊருக்குள் செயலியில் கூப்பிடும் கிராப் வண்டிதான் எல்லாவற்றுக்கும். சாதாரண வண்டியில் நான்கு பேர் கணக்கு, குழந்தையும் ஆள்தான். நீங்கள் ஐந்து பேர், ஆறு இருக்கை வண்டியாகவே போடுங்கள்.

மூன்று நாள் போதுமா என்றால், லெகோலாண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் போதும், போகாவிட்டால் இரண்டு நாளே அதிகம். லெகோலாண்ட் நகரத்தில் இல்லை, மேற்கே இஸ்கந்தர் புத்ரியில், அரை மணிக்கு மேல் ஓட்டம். 9 வயதும் 6 வயதும் அதற்குச் சரியான வயது. கூட்டமில்லாத காலத்தில் வார நாள் ஏதாவது ஒன்றில் மூடி வைக்கும் வழக்கமும் உண்டு, அவர்களுடைய நாள்காட்டியில் செவ்வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூன்று நாளையும் ஒரு நாள் தள்ளிவையுங்கள். அன்றைக்கு அம்மா அறையில் ஓய்வெடுக்கட்டும், அங்கே நடை ஜாஸ்தி.

திங்கள்கிழமை மதியத்துக்கு மேல் ஓய்வு, சாயங்காலம் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922இல் சின்னக் குடிலாகத் தொடங்கிய கோயில், இப்போது சுவர், தூண், விதானம் எல்லாம் கண்ணாடித் துண்டு. மூன்று லட்சம் துண்டுகள் என்கிறார்கள். பகலில் பார்த்தால் சரி, பளபளப்பு என்று தோன்றும். விளக்கேற்றிய பிறகு பாருங்கள்: ஒரு தீபாராதனைத் தட்டு மேலே எழும்போது, அந்தச் சுடர் சிவப்பும் நீலமுமாகச் சிதறி விதானம் முழுக்க நடுங்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அக்டோபரில் நவராத்திரியும் வந்துவிட்டால் அம்மாவைக் கோயிலைவிட்டுக் கிளப்புவது உங்கள் பாடு. பூசாரியிடம் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு காலை முழுக்கப் பழைய நகருக்கு. ஏழு மணிக்குத்தான் இங்கே விடியும், ஏழரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். எல்லாம் நடக்கும் தூரம், அம்மா நடுநடுவே உட்கார்ந்துகொள்ளக் கடைகள் உண்டு. ஜாலான் துரூஸ் தெருவில் பழைய சீனக் கோயில். ஐந்து மொழிக் குழுவினர், ஆளுக்கொரு தெய்வமாக ஐந்து தெய்வங்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறார்கள். அதே தெருவில் குருத்வாரா, கொஞ்சம் தள்ளி ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில், பூக்கடை, புடவைக்கடை, மசாலா வாசனை. இங்கே ஜாலான் டோபி என்று ஒரு தெரு. டோபி என்றால் நம் சலவைத் தொழிலாளிதான், அந்தக் காலத்தில் இந்தியர்கள் துணி வெளுத்த தெரு. அதில் 1937இலிருந்து நடக்கும் சலாஹுதீன் பேக்கரி, இந்திய முஸ்லிம் குடும்பத்துடையது, இன்றும் விறகு அடுப்பு. பக்கத்து ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ பேக்கரி, 1919இலிருந்து. அங்கே வாழைப்பழக் கேக்குக்குத்தான் வரிசை. சூட்டோடு காகிதப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள், அடியில் எண்ணெய் கசிந்து பெட்டி நனைந்திருக்கும், விறகுப் புகை லேசாக மணக்கும். அதில் முட்டை உண்டு, அம்மாவுக்கு ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மலேசியத் தமிழர்களும் புரட்டாசி பிடிப்பவர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த மாதம் சைவம் கூடுதலாகவே இருக்கும். சீனர்களுக்கும் ஒன்பதாம் சந்திர மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா, ஒன்பது நாள் சைவம். நம் நவராத்திரியும் அதுவும் அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால் பல வருடங்களில் ஒன்றாகவே வரும். மஞ்சள் கொடி கட்டிய கடைகளைப் பார்த்தால் அது சைவக்கடை. ஆனால் பூண்டு வெங்காயம் அவர்களும் சேர்க்க மாட்டார்கள், பிள்ளைகளுக்குச் சப்பென்று இருக்கலாம். மலாய்க் கடையில் மட்டும் கவனம். கீரைதானே என்று வாங்கினால் அதில் பெலாச்சான் இருக்கும், இறால் அரைத்த விழுது. வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். சாம்பால் என்கிற மிளகாய் விழுதிலும் அதுதான். ஊர் டீயைத் தேடினால் 'தே தாரிக்' கேளுங்கள், சர்க்கரைப்பாலில் தித்திக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் 'தே ஓ கோசோங்', பாலும் இல்லை இனிப்பும் இல்லை. பொட்டலம் கட்டித் தரச் சொல்ல 'தாப்பாவ்' என்றால் தமிழ்க் கடையிலும் புரியும்.

தேசாரு கடற்கரையைப் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரம் கிழக்கே, அக்டோபரில் கடல் இன்னும் அடங்கித்தான் இருக்கும், நவம்பரிலிருந்து பொங்கும். நல்ல இடம்தான், ஆனால் மூன்று நாளில் அதையும் திணிக்காதீர்கள்.

பணத்தைச் சாங்கியில் மாற்ற வேண்டாம், சிட்டி ஸ்குவேர் பக்கம் பணமாற்றுக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டு பலகை பார்த்துவிட்டு மாற்றுங்கள். சிங்கப்பூர் நோட்டாகக் கொஞ்சம் கொண்டுபோனால் ரூபாயைவிட நல்ல விலை கிடைக்கும். சிங்கப்பூர் ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை: செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதிக்குள் ஒரு வாரயிறுதியில் அங்கே இரவுநேரக் கார்ப் பந்தயம் நடக்கும். அந்த நாள்களில் மரினா பே பக்கம் வாடகை தாறுமாறாக ஏறும், சாலைகளையும் அடைப்பார்கள். தேதியைப் பார்த்து, அது உங்கள் வாரத்தில் விழுந்தால் லிட்டில் இந்தியாவிலோ இன்னும் வடக்கேயோ அறை எடுங்கள்.

திரும்பும்போது ஒன்று. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் மதுவுக்கு வரிவிலக்கு இல்லை, சிகரெட்டுக்கு ஒரு குச்சிக்குக்கூட இல்லை. மின்சிகரெட் அறவே தடை, சூயிங்கமும் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் கடைத்தொகுதியில் வாங்கிப் பையில் போட்டிருப்பார்கள், ஜேபி சென்ட்ரலிலேயே ஒருமுறை துழாவிவிடுங்கள். குடிநுழைவு வரிசையில் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டால் தயங்காமல் அங்கே நிற்கும் அதிகாரியிடம் சொல்லுங்கள், முதியவர்களையும் குழந்தையோடு வருகிறவர்களையும் முன்னால் விடுவார்கள். கேட்கத்தான் வேண்டும், அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள்.